உயிர்த்தெழுதலை நம்பியவர்கள் ஏன் சாவுக்குத் துணிந்தார்கள்?

"இயேசு உயிர்த்தெழுந்தது கட்டுக்கதை என்றால் ஆதிக் கிறிஸ்தவர்கள் அதற்காக உயிரைக் கொடுத்திருப்பார்களா? பொய் என்று தெரிந்த ஒன்றுக்காக யாராவது சாவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிரசங்க மேடைகளில் இது கேள்வியாக வருவதில்லை, பதிலாகவே வருகிறது. மறுதரப்பும் "எல்லா மதத்திலும்தான் செத்திருக்கிறார்கள், அதற்கென்ன?" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறது. செத்தவர்கள் தாங்களே என்ன சொன்னார்கள் என்று கேட்பாரில்லை. அவர்கள் நிறையவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிறையில் எழுதிய குறிப்பு, கொலைக்களத்துக்குப் போகும் வழியில் எழுதிய கடிதங்கள், விசாரணைப் பதிவு, தண்டித்த ஆளுநரே பேரரசருக்கு அனுப்பிய அறிக்கை எல்லாம் இருக்கின்றன. அவற்றை வைத்தே பேசலாம்.

முதலில் இரண்டு கூட்டத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உயிர்த்தெழுந்த இயேசுவைத் தாங்களே கண்டதாகச் சொன்னவர்கள் ஒரு கூட்டம். அதைக் கேட்டு நம்பியவர்கள் இன்னொரு கூட்டம். உங்கள் கேள்வி முதல் கூட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும். இரண்டாம் கூட்டத்தாருக்கு அது உண்மையா பொய்யா என்று நேரில் தெரிந்துகொள்ள வழியே இல்லை. நம்பினார்கள், அவ்வளவுதான்.

முதல் கூட்டத்தைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிவது கொஞ்சம். பன்னிரண்டு அப்போஸ்தலரும் எங்கே, எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்று பட்டியல் போட்டுக் காட்டுவார்கள். அதில் பெரும்பகுதி பின்னாளைய மரபு. நம் ஊர்ச் சங்கதியே இதற்கு உதாரணம். தோமா இந்தியாவில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பதற்குக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்று, 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாப் பகுதியில் எழுந்த 'தோமாவின் பணிகள்' என்ற நூல். மயிலாப்பூர் மரபுக்கு அதற்கே உரிய மதிப்பு உண்டு. ஆனால் ஒரு வாதத்தின் முழுப் பாரத்தையும் அதன்மேல் ஏற்றிவைக்க முடியாது.

மரபை ஒதுக்கிவைத்தாலும் மிஞ்சுகிற பெயர்கள் உண்டு. செபெதேயுவின் மகன் யாக்கோபை முதலாம் ஏரோது அகிரிப்பா வாளால் கொன்றான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அகிரிப்பா கி.பி. 44இல் இறந்துபோனதால் அது அதற்கு முன் நடந்தது. இயேசுவின் சகோதரர் யாக்கோபு 62இல் எருசலேமில் கல்லெறிந்து கொல்லப்பட்டார். இதைச் சொல்பவர் கிறிஸ்தவர் அல்லாத யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். ரோம ஆளுநர் பெஸ்து இறந்து, அடுத்தவர் அல்பினஸ் வந்து சேராத இடைவெளியைப் பிரதான ஆசாரியர் அனனுஸ் பயன்படுத்திக்கொண்டார் என்று அரசியல் விவரத்தோடு எழுதுகிறார். பேதுருவும் பவுலும் துன்பப்பட்டு இறந்ததை 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமச் சபை கொரிந்துச் சபைக்கு எழுதிய கடிதம் குறிப்பிடுகிறது. பேரரசர் நீரோ 64இல் ரோம் நகரத் தீவிபத்தின் பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டுக் கொடூரமாகக் கொன்றதை ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அவருக்கும் கிறிஸ்தவர்களைக் கண்டால் ஆகாது.

இவர்களில் யாரிடமும் "உயிர்த்தெழவில்லை என்று சொல், விட்டுவிடுகிறோம்" என்று எவரும் பேரம் பேசியதாகப் பதிவு இல்லை. இயேசுவின் சகோதரர் யாக்கோபின்மேல் சுமத்தப்பட்ட குற்றம் யூதச் சட்டமான நியாயப்பிரமாணத்தை மீறியது. நீரோவின் குற்றச்சாட்டு தீவைப்பு. ஆகவே "மறுத்திருந்தால் தப்பியிருக்கலாம், மறுக்கவில்லை, எனவே உண்மை" என்ற கணக்கு அப்படியே நிற்காது. ஆனாலும் முதல் கூட்டத்தைச் சேர்ந்த பவுலின் வாழ்க்கை ஒன்றை நிறுவுகிறது. யூதர்களிடம் ஐந்துமுறை, ஒன்று குறைய நாற்பது அடி. மூன்றுமுறை பிரம்படி. ஒருமுறை கல்லெறி. இவ்வளவும் அவரே கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் இருக்கிறது. முன்பு இதே சபையை வேட்டையாடியவர், இத்தனை அடியும் வாங்கிக்கொண்டு தானே இட்டுக்கட்டிய கதையைச் சொல்லித் திரிந்தார் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. ஏமாற்றுக்காரர்கள் என்ற குற்றச்சாட்டு அதோடு விழுகிறது. அவர்கள் கண்டது என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ரத்தத்தை வைத்து அதைத் தீர்க்க முடியாது.

இனி தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன்: ஏன் துணிந்தார்கள்?

இதற்கான விடை இயேசுவுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு முன்னால் தொடங்குகிறது. கி.மு. 167 வாக்கில் சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோகஸ் யூதர்களின் வழிபாட்டைத் தடைசெய்தான். பன்றிக்கறி தின்னச் சொல்லி, மறுத்தவர்களைச் சித்திரவதை செய்தான். ஒரு தாயும் ஏழு பிள்ளைகளும் கொல்லப்பட்ட கதை மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது (கத்தோலிக்க விவிலியத்தில் பார்க்கலாம், சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இந்த நூல் இல்லை). மூன்றாவது மகன் நாக்கையும் கைகளையும் தானே நீட்டுகிறான். இவை விண்ணிலிருந்து எனக்குக் கிடைத்தவை, அங்கிருந்தே திரும்பப் பெறுவேன் என்கிறான்.

திரும்பப் பெறப்போவது இந்தக் கைகளை. யூதர்களிடம் உயிர்த்தெழுதல் நம்பிக்கை வேரூன்றியதில் கொலைக்களத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கடவுள் நீதிமான் என்றால், அவருடைய சட்டத்தைக் காத்ததற்காகவே வெட்டுப்பட்ட உடலுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா? ஆட்சியோடு ஒத்துப்போன ஆசாரியக் குடும்பத்துச் சதுசேயர் இந்த நம்பிக்கையை ஏற்கவில்லை, பரிசேயர் என்ற மற்றொரு யூதப் பிரிவினர் ஏற்றார்கள் என்பதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அதிகாரத்தில் இருப்பவனுக்கு உயிர்த்தெழுதல் அவ்வளவாகத் தேவைப்படாது.

இயேசுவின் சீடர்கள் இதில் சேர்த்தது ஒரே ஒரு புதுச் செய்தி. உலக முடிவில் எல்லோருக்கும் நடக்க வேண்டியது ஒருவருக்கு இப்போதே நடந்துவிட்டது என்றார்கள். பவுல் அவரை "முதற்பலன்" என்று அழைக்கிறார். அறுவடையின் முதற்கதிர் வந்துவிட்டது, மற்றவை பின்னாலேயே வரும் என்பது கருத்து. அந்தக் காலத்தில் மேசியா என்று கிளம்பியவர்களும் தீர்க்கதரிசி என்று கிளம்பியவர்களும் பலர். கி.பி. 6இல் கலிலேயனாகிய யூதா, 45 வாக்கில் தெயுதாஸ், 132 முதல் 135 வரை பார் கொக்பா. தலைவனை ரோம் கொன்றதும் தொண்டர்கள் கலைந்தார்கள், அல்லது வேறு தலைவனைத் தேடினார்கள். சிலுவையில் தொங்கியவனையே தொடர்ந்து ஆண்டவர் என்று சொல்லிக்கொண்டிருந்த கூட்டம் இது ஒன்றுதான். கொல்லப்பட்டவரே திரும்பிவிட்டார் என்று நம்புகிறவனிடம் "உன்னைக் கொல்வேன்" என்று மிரட்டினால் அந்த மிரட்டலில் பாதி விஷம் இறங்கிவிடும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் இதை மறுபக்கமாகத் திருப்பிச் சொல்கிறார்: மரித்தோர் எழுவதில்லை என்றால் நான் தினமும் சாவோடு மல்லுக்கட்டுவதில் என்ன பிரயோஜனம்? "புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம்" என்று இருந்துவிடலாமே.

தமிழில் வாசிக்கிற நமக்கு ஒரு தடுமாற்றம் வரும். மறுபிறவி நமக்குப் பழக்கமான எண்ணம், ஆன்மா கூடுவிட்டுப் போவதும் அப்படியே. அவர்கள் சொன்னது இரண்டும் இல்லை. இதே உடல், காயப்பட்ட இந்த உடலே, மாற்றமடைந்து எழும் என்றார்கள். கிரேக்கக் கல்வி கற்றவர்களுக்கு இது அருவருப்பாக இருந்தது. உடல் ஆன்மாவின் சிறை, சாவு விடுதலை என்று பிளேட்டோவைப் படித்தவர்கள் அவர்கள். 2ஆம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற தத்துவவாதி இதைப் புழுக்களுக்குத் தகுந்த நம்பிக்கை என்று ஏசினார். அழுகிய உடம்புக்குத் திரும்ப எந்த ஆன்மாதான் ஆசைப்படும் என்று கேட்டார்.

இந்த அருவருப்பான கொள்கைதான் விசாரணை மன்றத்தில் வேலை செய்தது. எப்படி என்பதற்கு ரோம ஆளுநர்கள் என்ன கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

112 வாக்கில் பித்தினியா, பொந்து மாகாணத்தின் (இன்றைய துருக்கியின் வடபகுதி) ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. கிறிஸ்தவர்கள் என்று பிடித்து வந்தவர்களிடம் மூன்றுமுறை கேட்பேன், ஒத்துக்கொண்டு நின்றால் கொல்ல அனுப்பிவிடுவேன், அவர்கள் நம்புவது என்னவாக இருந்தாலும் அந்தப் பிடிவாதத்துக்கே தண்டனை தகும் என்கிறார். மறுப்பவர்கள் தெய்வங்களைக் கூப்பிட வேண்டும், பேரரசர் சிலைக்குத் தூபமும் திராட்சரசமும் படைக்க வேண்டும், கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். செய்தால் விடுதலை. டிராஜனின் பதிலும் சுவையானது. தேடிப் பிடிக்காதே, பெயரில்லாத மொட்டைக் கடிதங்களை ஏற்காதே, தெய்வங்களை வணங்கினால் பழையதை மன்னித்துவிடு.

ஆக, கல்லறை காலியா இல்லையா என்று ரோமுக்கு அக்கறையே இல்லை. மனதுக்குள் என்ன நினைக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. கையை நீட்டி ஒரு சிட்டிகைத் தூபம் போடு என்பதுதான் கோரிக்கை. சிமிர்னா நகரத்தின் (இன்றைய துருக்கியில் உள்ளது) முதிய ஆயர் பாலிகார்ப்பை 155 வாக்கில் பிடித்துக்கொண்டு போகும்போது, காவல் தலைவனும் அவன் தகப்பனும் வண்டியில் பக்கத்தில் உட்காரவைத்து, "சீசரே ஆண்டவர் என்று சொல்லித் தூபம் போட்டுத் தப்பித்துக்கொள்வதில் என்ன கெட்டுப்போகிறது?" என்று நயமாகக் கேட்கிறார்கள். 180இல் ஆப்பிரிக்காவின் சில்லியம் ஊரைச் சேர்ந்தவர்களிடம் ஆளுநர் சாட்டர்னினஸ், யோசித்துப் பார்க்க முப்பது நாள் தருகிறேன் என்றார். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. பன்னிரண்டு பேரும் வெட்டப்பட்டார்கள்.

அந்தக் காவல் தலைவனின் கேள்வி நியாயமானது. உள்ளே நம்பிக்கை இருக்கட்டும், வெளியே கை எதையாவது செய்துவிட்டுப் போகட்டுமே? இதையே கிறிஸ்தவர்களுக்குள்ளும் சிலர் சொன்னார்கள். நாஸ்டிக் பிரிவுகள் பலவற்றில், உடல் மாயை, மீட்பு ஞானத்துக்கும் ஆவிக்கும் உரியது, கிறிஸ்துவே உடலோடு வந்ததுபோலத் தோன்றினாரே தவிர உண்மையில் பாடுபடவில்லை என்ற எண்ணம் இருந்தது. அப்படி நினைப்பவன் தூபம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. சாவு அவசியமற்ற அசட்டுத்தனம் என்று அவர்கள் வாதிட்டதை மறுத்து, வடஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஒரு நூலே எழுதினார்.

டிராஜன் காலத்தில் சிரியாவில் இருந்த அந்தியோகியாவின் ஆயர் இக்னேஷியஸைப் பத்து வீரர்கள் காவலில் ரோமுக்குக் கொண்டுபோனார்கள், மிருகங்களுக்குப் போட. வழியில் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். சிமிர்னாவுக்கு எழுதியதில் இந்த விஷயத்தை நேரடியாகவே போட்டு உடைக்கிறார். ஆண்டவர் பாடுபட்டது வெறும் தோற்றம் என்றால் என் விலங்குகளும் தோற்றம்தான், பிறகு எதற்காக நான் தீக்கும் வாளுக்கும் மிருகங்களுக்கும் என்னை ஒப்புக்கொடுத்திருக்கிறேன் என்று கேட்கிறார். உயிர்த்தெழுந்த பின்பும் இயேசு உடலோடு இருந்தார், சீடர்கள் தொட்டார்கள், அதனால்தான் அவர்கள் சாவைத் துச்சமாக எண்ணினார்கள் என்றும் அதே கடிதத்தில் எழுதுகிறார். என்னைக் கேட்டால் உங்கள் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தில் இதைவிட நேரான பதில் இல்லை. உடல் கடவுளுக்குச் சொந்தம், அதை அவர் திரும்ப எழுப்புவார் என்றால், அந்த உடலின் கை என்ன செய்கிறது என்பது அற்ப விஷயமாக இருக்க முடியாது. சாவுக்குப் பின் ஏதோ உண்டு என்று நம்பியவர்கள் அன்று ஏராளம். அவர்களில் மிகப் பலருக்குத் தூபம் ஒரு பிரச்சினையே அல்ல.

எதிரிகளும் இதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 177இல் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டின் லியோன் நகரத்தில் நடந்ததை அந்தச் சபையாரே ஆசியா மாகாணத்தில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) இருந்த சபைகளுக்கு எழுதி அனுப்பினார்கள். அதை வரலாற்றாசிரியர் யுசேபியஸ் காப்பாற்றி வைத்திருக்கிறார். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஆயர் பொத்தினுஸ் அடிபட்டுச் சிறையில் இறந்தார். பிளாண்டினா என்ற அடிமைப் பெண்ணை விடியற்காலையிலிருந்து மாலைவரை ஆள் மாற்றி ஆள் வதைத்துச் சோர்ந்துபோனார்கள். பிறகு கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள், கடைசியில் வலையில் சுற்றிக் காளையின் முன் எறிந்தார்கள். கொன்றதோடு விடவில்லை. பிணங்களை ஆறு நாள் திறந்தவெளியில் போட்டுக் காவல் வைத்தார்கள். பிறகு எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். காரணத்தையும் சொன்னார்கள்: உயிர்த்தெழுவோம் என்ற நம்பிக்கையில்தானே இவர்கள் சிரித்துக்கொண்டே சாகிறார்கள், இப்போது எழுந்துவரட்டும் பார்க்கலாம்.

புதைத்த உடல்தான் எழும் என்று எளிய விசுவாசிகள் நினைத்திருக்கலாம், அவர்களை அந்தச் சாம்பல் கலங்கவைத்தும் இருக்கலாம். அறிஞர்கள் தரப்பில் மினுசியஸ் பெலிக்ஸ் இதற்குப் பதில் எழுதினார்: புழுதியாகவோ நீராகவோ புகையாகவோ போன உடல் நம் கண்ணுக்குத்தான் மறைகிறது, கடவுளின் காவலில் அது இருக்கிறது.

பிளாண்டினாவைப் போன்றவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. ரோமச் சட்டத்தில் அடிமையின் உடல் எஜமானனுடையது. அடிமையின் சாட்சியம் சித்திரவதை செய்து வாங்கினால்தான் செல்லும். பிளினியும் உண்மையைக் கறக்க இரண்டு அடிமைப் பெண்களைத்தான் வதைத்தார். சபையில் அவர்கள் ஊழியக்காரிகள் என்று குறிப்பிடுகிறார். பிறந்ததிலிருந்து தன் உடம்பு தனக்குச் சொந்தமில்லாத ஒருத்தியிடம், இந்த உடம்பு மகிமையோடு எழும், எஜமானியின் உடம்புக்குச் சமமாக நிற்கும் என்று சொன்னால் அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? 203இல் கார்த்தேஜில் பெர்பெதுவா என்ற இருபத்திரண்டு வயது மேட்டுக்குடிப் பெண்ணும் பெலிசித்தா என்ற அடிமையும் ஒரே களத்தில் இறந்தார்கள். பெர்பெதுவா சிறையில் எழுதிய குறிப்பு நம்மிடம் இருக்கிறது. கைக்குழந்தை, நரைத்த தலையைக் காட்டிக் காலில் விழும் தகப்பன், இருட்டறை, எல்லாம் அதில் உண்டு. படிக்கும்போது பாவம் அந்தத் தகப்பன் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். பெலிசித்தா எட்டு மாதக் கர்ப்பிணி, சிறையிலேயே பிரசவம். வலியில் அவள் அலறியதைக் கேட்ட காவலன், இதற்கே இப்படி என்றால் மிருகங்கள் முன் என்ன செய்வாய் என்றான். இப்போது நான் படுவதை நான் படுகிறேன், அங்கே எனக்காக வேறொருவர் என்னுள் இருந்து படுவார் என்று அவள் பதில் சொன்னதாக அந்த நூலைத் தொகுத்தவர் எழுதுகிறார்.

கொள்கை மட்டும் ஒருவரை இப்படி நிற்கவைக்காது. பின்னால் ஒரு கூட்டம் வேண்டும். அதற்குச் சாட்சி சொல்பவர், சோற்றுக்கும் புகழுக்கும் கிறிஸ்தவர்களோடு ஒட்டிக்கொண்ட ஒரு வேடதாரியைப் பற்றிக் கிண்டலாக எழுதிய 2ஆம் நூற்றாண்டு நையாண்டி எழுத்தாளர் லூசியன். அவன் சிறையில் இருந்தபோது விடியற்காலையிலேயே கிழட்டு விதவைகளும் அநாதைகளும் வாசலில் நின்றார்களாம், முக்கியஸ்தர்கள் காவலர்களுக்குக் கைக்கூலி கொடுத்து உள்ளே அவனோடு படுத்துக்கொண்டார்களாம், விதவிதமாகச் சாப்பாடு போனதாம். இந்த அப்பாவிகள் என்றென்றைக்கும் வாழ்வோம் என்று நம்பிவிட்டார்கள், அதனால் சாவை மதிப்பதில்லை என்கிறார். கேலிக்காக எழுதியவரே இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். செத்தபின்பும் உறவு அறுபடவில்லை. பாலிகார்ப்பின் எலும்புகளைப் பொறுக்கி எடுத்து அடக்கம் செய்து, அவர் இறந்த நாளைப் பிறந்தநாளாக ஆண்டுதோறும் கூடிக் கொண்டாடப்போவதாகச் சபையார் எழுதினார்கள். எழப்போகிற உடல் என்பதால் எலும்புக்கும் மரியாதை.

சாவைத் தேடிப்போனவர்களும் இருந்தார்கள். ஆசியா மாகாணத்தில் ஆளுநர் அர்ரியுஸ் அந்தோனினஸ் முன் ஊரே திரண்டுவந்து எங்களைக் கொல்லுங்கள் என்று நிற்க, சிலரைக் கொன்றுவிட்டு மற்றவர்களிடம், சாக வேண்டும் என்றால் மலைச்சரிவும் கயிறும் இல்லையா என்று அவர் சலித்துக்கொண்டதைத் தெர்த்துல்லியன் பெருமையாகக் குறிப்பிடுகிறார். எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. பாலிகார்ப் பற்றிய கடிதத்திலேயே குவிந்துஸ் என்ற ஒருவன் வருகிறான். தானாகப் போய்ப் பிடிபட்டவன், மற்றவர்களையும் இழுத்துப் போனவன். மிருகங்களைக் கண்டதும் நடுங்கித் தூபம் போட்டுவிட்டான். தாங்களாகவே போய் மாட்டிக்கொள்பவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று சபையார் எழுதிவைத்தார்கள்.

பெரும்பாலோர் செத்தார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். துன்புறுத்தல் இடைவிடாமல் நடக்கவில்லை. ஓர் ஊரில், ஓர் ஆண்டில் மூளும், பிறகு பல ஆண்டு அமைதி. விசுவாசத்துக்காகச் செத்தவர்கள் எளிதில் எண்ணிவிடக்கூடிய சிலரே என்று 3ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜென் எழுதினார், அவர் தகப்பனே கொல்லப்பட்டவர். லியோனில் பத்துப் பேர் போல மறுதலித்தார்கள். பிளினியின் முன் நின்றவர்களில் சிலர், அதையெல்லாம் இருபது ஆண்டுக்கு முன்பே விட்டுவிட்டோம் என்றார்கள். 250இல் பேரரசர் டெசியஸ் எல்லோரும் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டபோது வடஆப்பிரிக்காவில் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பலியிட்டார்கள். பலியிடாமல் காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களும் உண்டு. அந்த ஆணையின்படி வழங்கப்பட்ட அரசுச் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் எகிப்தின் மணலிலிருந்து பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கின்றன. இப்படிப் பலியிட்ட, காசு கொடுத்த கிறிஸ்தவர்களும் உயிர்த்தெழுதலை நம்பியவர்கள்தான். அந்த நம்பிக்கை எல்லோரையும் வீரராக்கிவிடவில்லை.

கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அப்போது தலைமறைவாக இருந்தார். திரும்பி வந்ததும் அவர் தலையில் விழுந்த சிக்கல், பலியிட்டுவிட்டு அழுதுகொண்டு வாசலில் நின்றவர்களை என்ன செய்வது என்பது. 251இல் கூடிய ஆயர்கள், ஒவ்வொருவர் நிலையையும் பார்த்து நீண்ட தவக்காலம் விதிக்கலாம் என்றார்கள். சாகக் கிடப்பவருக்கு மட்டும் சலுகை. ஓரிரு ஆண்டில் அடுத்த துன்புறுத்தல் வரும்போல் இருந்ததும் முடிவை மாற்றினார்கள். தவம் செய்துகொண்டிருந்த எல்லோரையும் உடனே நற்கருணைக்கு (கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் அப்பமும் ரசமும் பெறும் சடங்கு) சேர்த்துக்கொண்டார்கள். ரோம் ஆயர் கொர்நேலியுவுக்கு எழுதிய கடிதத்தில் அதற்குக் காரணம் இருக்கிறது. களத்துக்குப் போகிறவர்களுக்குக் கிறிஸ்துவின் இரத்தத்தை மறுத்துவிட்டு, அவருக்காக உங்கள் இரத்தத்தைச் சிந்துங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது என்று கேட்கிறார்கள். 258இல் சிப்ரியானின் முறை வந்தது. இந்தமுறை அவர் ஒளிந்துகொள்ளவில்லை.